மழைப் பந்தயத்தில் தாய் பேர் கேட்பது ஏன்?

அந்தக் காலத்தில் மிருகங்கள் மட்டுமா பேசின? மண்ணும் பேசியது. செம்மண் வாய் திறப்பது அபூர்வம். கரிசல் மண் இருக்கிறதே, அது சரியான வாயாடி. வெயில் காலத்தில் வெடித்துப் பிளந்து முணுமுணுத்துக்கொண்டே கிடக்கும். மழை பெய்துவிட்டால் கேட்கவே வேண்டாம். போகிற வருகிற காலையெல்லாம் பிடித்து வைத்துக்கொண்டு பேச்சுக் கொடுக்கும், லேசில் விடாது.

அப்போது குதிரைகள் எல்லாம் ஒரே மாதிரிதான் ஓடின. காய்ந்த தரையில் எல்லாம் பறந்தன, ஈரத் தரையில் எல்லாம் வழுக்கி விழுந்தன. கரிசலைக் கண்டாலே மூக்கைச் சுளித்துக்கொண்டு சுற்றுப்பாதையில் போய்விடும். கரிசலுக்கு அது பெரிய மனக்குறை.

செம்மேட்டுப் பாளையத்து லாயத்தில் மருதி என்று ஒரு பெட்டைக்குதிரை இருந்தாள். அவள் ஓடிப் பார்த்தவர்கள் வேறு குதிரையைப் பார்க்க மாட்டார்கள். ஓடை குறுக்கிட்டால் தாவுவாள்; தாவியது தெரியாது, அந்தக் கரையில் நிற்பாள். அப்படிப்பட்டவள் நிறைசினையாய் இருந்த ஒரு மழைக்காலத்தில், பச்சைப்புல்லுக்கு ஆசைப்பட்டு மேட்டை விட்டு இறங்கிக் கரிசல் மண் கிடந்த ஏரிக்கு வந்தாள். நாக்கு செய்த வேலை! ஓரத்துப் புல்லைத் தின்று தின்று உள்ளே போனவள் முழங்கால் வரை சேற்றில் இறங்கிவிட்டாள்.

உதைத்தாள். தொடை வரை போயிற்று. இன்னும் உதைத்தாள். வயிறு சேற்றைத் தொட்டது.

"உதைக்காதடி. உதைச்சா உள்ளதான் போவே," என்றது கரிசல்.

"விட்டுரு தாயி! வயித்துல குட்டி கெடக்கு!"

"அட! இத்தனை வருசமா என்னைக் கண்டா மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனியே, இப்பத்தான் நான் தாயின்னு தெரிஞ்சுதாக்கும்?"

மருதிக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் வயிற்றுக்குள் குட்டி புரண்டதும் வெட்கத்தை விழுங்கிக்கொண்டு கேட்டாள்: "என்ன வேணும் சொல்லு. தாரேன்."

கரிசல் ஆசையோடு சொன்னது: "உன் பாய்ச்சல்ல பாதி வேணும். காஞ்ச தரையில பறக்கியே, அந்தப் பாய்ச்சல். ஒரே எடத்துல கெடந்து கெடந்து அலுத்துப்போச்சு. எனக்கும் ஒரு தடவை ஓடிப் பாக்கணும்னு இருக்காதா?"

"பதிலுக்கு என்ன தருவே?" கழுத்தளவு ஆபத்திலும் மருதி பேரத்தை விடவில்லை.

"எம்மேல ஓடுற வித்தையத் தாரேன். உனக்கில்ல. வயித்துல கெடக்கே, அதுக்கு. நாளைக்கு அதுக்குப் பொறக்கப்போறதுக்கு, அதுக்கும் பொறக்கதுக்கு. வழிவழியா. ஆனா பாய்ச்சலும் வழிவழியாக் கொறையும், சம்மதமா?"

மருதி யோசிக்கவே இல்லை என்றால் அது பொய். செம்மேட்டில் காற்றோடு காற்றாய் ஓடிய நாளெல்லாம் அவள் கண்முன் வந்து போயிற்று. பிறகு, "சம்மதம்," என்றாள்.

குளிர்ச்சி ஒன்று குளம்பு வழியாக ஏறி வயிற்றைத் தொட்டது. கரிசல் பிடியைத் தளர்த்தியது. மறுநாள் விடிகாலைத் தூறலில் மருதி ஒரு பெட்டைக்குட்டி ஈன்றாள். தூறலில் பிறந்ததால் குட்டிக்குத் தூவானம் என்று பேர் வைத்தாள்.

அதோடு மழை நின்றது. நின்றது என்றால் அப்படி ஒரு நிற்றல்! மூன்று வருஷம் வானம் வாயே திறக்கவில்லை. ஏரி வற்றிப் பாளம் பாளமாய் வெடித்தது. கோடையில் கரிசல் மட்டும் வாங்கிய பாய்ச்சலோடு புழுதிச் சுழலாய் எழுந்து ஊரெல்லாம் ஓடிக் கும்மாளம் போட்டது. மருதி மேட்டில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அவளும் இப்போது லாயத்தில் கடைசியாக ஓடுகிறவள்தான்.

தூவானத்தின் நிலைமையைச் சொல்லவே வேண்டாம். மற்ற குட்டிகளுக்குக் குளம்பு சின்னதாய்க் கச்சிதமாய் இருந்தது. இவளுக்குத் தோசைக்கல் மாதிரி அகலம். மற்றவை நீட்டித் தாவின. இவள் எட்டைச் சின்னச் சின்னதாய், காலை உயரத் தூக்கித் தூக்கி வைத்தாள். லாயத்தின் முதல் குதிரையான சூறைக்குச் சிரிப்புத் தாங்காது.

"என்ன மருதி, உம்மக ஓடுதாளா, நெல்லுக் குத்துதாளா?"

"மழை வரட்டும், பேசிக்கிடுவோம்," என்பாள் மருதி.

"வரும் வரும். நீ மேலயே பாத்துக்கிட்டு இரு, கழுத்துச் சுளுக்கிக்கப்போவுது!"

கேலியாவது போகட்டும். பெரிய வினை வேறு இடத்திலிருந்து வந்தது. பாளையத்தில் சடையாண்டி என்று சுழி பார்க்கிறவர் ஒருவர் இருந்தார். குதிரையின் ரோமத்தில் எங்கெங்கே சுழி விழுந்திருக்கிறது என்று பார்த்து, அது தேறுமா தேறாதா என்று சொல்லிவிடுவார். நெற்றிச் சுழி என்றால் நெய்ச்சோறு, கழுத்துச் சுழி என்றால் வெற்றி. ஓட்டம் எப்படி என்று அவர் பார்ப்பதே இல்லை. பாளையக்காரரும் அவர் சொன்னதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

சடையாண்டி தூவானத்தின் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார். "கண்ணுக்குக் கீழ சுழி. கண்ணீர்ச் சுழி! இது நிக்கிற லாயம் அழுவும் மகராசா. எண்ணெய்ச் செக்குல கொண்டு பூட்டிருங்க."

செக்கு என்றால் கண்ணைக் கட்டிவிடுவார்கள். சாகிறவரை ஒரே வட்டம். எந்தக் குட்டியைக் காப்பாற்ற மருதி பாய்ச்சலை விற்றாளோ, அந்தக் குட்டி ஓடவே முடியாத இடத்துக்குப் போகப்போகிறது!

ஒரே ஒரு நூல் மிச்சமிருந்தது. லாயத்தில் பிறந்த எந்தக் குதிரையையும் ஒரு தடவையாவது பந்தயத்தில் ஓட்டாமல் வெளியே அனுப்புகிற வழக்கம் பாளையத்தில் இல்லை. "புரட்டாசிப் பந்தயத்துல ஓடட்டும். செயிச்சா இருக்கட்டும், இல்லேன்னா செக்கு," என்று பாளையக்காரர் சொல்லிவிட்டார்.

பந்தயத்தன்று காலையில் மருதி ஏரிக்கு ஓடினாள். "ஏ கரிசலு! வாக்குக் குடுத்தியே, மழை எங்கே?" என்று கத்தினாள்.

"மழை எங்கையிலயா இருக்கு?" கரிசலின் குரல் வறண்டு கிடந்தது. "நானே வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கேன். வித்தை தாரேன்னுதான் சொன்னேன். அது உம்மக கால்ல இருக்கு. தண்ணிக்கு நானும் உன்னை மாதிரி மேலதான் பாக்கணும்."

மருதி திரும்பி வந்தாள். வானத்தில் கிழக்கே ஒரு ஓரமாய்க் கொஞ்சம் கறுப்பு இருந்தது. அதை நம்பி என்ன செய்வது? அவளால் மகள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பந்தயப் பாதை இதுதான்: செம்மேட்டிலிருந்து இறங்கி, வற்றிக் காய்ந்த ஏரிக்குள் புகுந்து, நடுவில் நிற்கும் ஒற்றைக் கருவேல மரத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி மேடேறிக் கல்தூணைத் தொட வேண்டும். முரசு ஒலித்துவிட்டால் இடியே விழுந்தாலும் நிறுத்தக் கூடாது.

முரசு ஒலித்தது. பறந்தன குதிரைகள்! சூறை முதலில் போனான். செம்புழுதி எழும்பி ஊர் மறைந்தது. புழுதிக்குப் பின்னால், எல்லாருக்கும் கடைசியாக, காலைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டு தூவானம் போனாள். ஜனங்கள் கைகொட்டிச் சிரித்தார்கள். செக்குக்காரர் கயிற்றோடு வந்து நின்றிருந்தார். மருதி ஏரிக்கரை மேலேயே மகளுக்கு இணையாக ஓடினாள்.

பொட்டென்று அவள் மூக்கில் ஒரு துளி விழுந்தது.

மருதி நின்றுவிட்டாள். இன்னொரு துளி. பிறகு ஒன்று இரண்டு என்று எண்ண நேரமில்லை, வானம் மொத்தமாய்க் கொட்டியது! மூன்று வருஷத்து மழை ஒரே நேரத்தில் விழுந்த மாதிரி இருந்தது. வெடித்துக் கிடந்த ஏரி மடமடவென்று குடித்தது. குடித்து முடித்ததும் கொழகொழவென்று எழுந்தது. "வந்துட்டேன்டி மருதி!" என்று கரிசல் போட்ட கூச்சல் கரை வரைக்கும் கேட்டது.

மரத்தை நெருங்கிய குதிரைகள் ஒவ்வொன்றாய்ச் சறுக்கின. ஒன்று முட்டி போட்டது, ஒன்று உட்கார்ந்தே விட்டது. சூறை தன் நீண்ட எட்டை எடுத்து வைத்தான். கால் போன இடத்திலிருந்து திரும்பி வரவில்லை.

தூவானம் ஏரியின் ஓரத்தில் வந்து தயங்கி நின்றாள். பிறந்ததிலிருந்து சேற்றைப் பார்த்தறியாதவள். "அம்மா! தரை நழுவுது! எப்படிம்மா ஓடுறது?"

"யோசிக்காத தாயி!" கரையிலிருந்து மருதி கத்தினாள். "காலை விடு! அதுக்குத் தெரியும்!"

தூவானம் ஒரு காலை வைத்தாள். அகலக் குளம்பு சேற்றின் மேல் படிந்து நின்றது. அடுத்த காலை உயரத் தூக்கினாள். சப்பென்று விடுபட்டு வந்தது. சின்ன எட்டு, இன்னொரு சின்ன எட்டு. அட, இதற்குத்தானா இந்தக் கால்! தூவானம் கனைத்தாள். பிறகு ஓடினாள், அப்படி ஓடினாள்! சேறு நாலாபுறமும் தெறித்தது. உட்கார்ந்திருந்த குதிரையைத் தாண்டினாள், முட்டி போட்டதைத் தாண்டினாள், கருவேல மரத்தைச் சுற்றித் திரும்பினாள். சிரித்த ஜனங்கள் இப்போது, "போ! போ! விடாதே!" என்று தொண்டை கிழியக் கத்தினார்கள். செக்குக்காரரும் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு கத்தினார்.

திரும்புகிற வழியில் சூறை தொடை வரை இறங்கி உதைத்துக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டும்போது தூவானம் சொன்னாள்: "உதைக்காதிங்க சித்தப்பா. உதைச்சா உள்ளதான் போவிங்க."

கரை மேல் மருதிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அந்த வார்த்தையை அவள் மகளுக்குச் சொன்னதே இல்லை. கரிசல் சொன்னபோது குட்டி வயிற்றுக்குள் இருந்தது, அவ்வளவுதான். மருதிக்குக் கண் நிறைந்துவிட்டது.

ஆனால் ஓட்டம் முடியவில்லையே! உதைப்பதை நிறுத்திய சூறை மெல்ல ஊன்றி வெளியே வந்துவிட்டான். தூவானம் மேடேறத் தொடங்கினாள். செம்மண் தண்ணீரை உடனே குடித்துவிட்டுக் கெட்டியாய்க் கிடந்தது. கெட்டித் தரையில் அவள் பழைய தூவானம்தானே! பின்னால் சூறையின் குளம்புச் சத்தம் நெருங்கியது. வால் அருகே வந்தான். வயிறு அருகே வந்தான். மருதி மூச்சு விடவில்லை. கழுத்துக்குக் கழுத்து சமமாய் வந்த நேரத்தில் தூவானம் தலையை நீட்டி மூக்கால் கல்தூணைத் தொட்டாள்.

ஊர் கொந்தளித்தது! பாளையக்காரர் மழையில் நனைந்துகொண்டே துள்ளினார். செக்குக்காரர் கயிற்றை அங்கேயே போட்டுவிட்டுக் கிளம்பினார். சடையாண்டி மட்டும் தூவானத்தை விடவில்லை. "இவ உடம்புல எங்கயோ ஒரு ராசசுழி ஒளிஞ்சிருக்கு மகராசா! எங்கண்ணுக்குத் தப்பிட்டுது," என்று குடம் குடமாய்த் தண்ணீர் ஊற்றிச் சேற்றைத் தேய்த்தார். கழுத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், வாலைத் தூக்கிக்கூடப் பார்த்தார். கண்ணீர்ச் சுழியைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

"நீ சுழியப் பாத்தே. மழை சுழியப் பாக்கலையே!" என்றார் பாளையக்காரர். அவர் சடையாண்டியை மடக்கிப் பேசியது அதுதான் முதல் தடவை.

கடைசியில் சோர்ந்துபோய்க் கீழே உட்கார்ந்த சடையாண்டிக்கு எதிரே அந்தக் கால் இருந்தது. தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தார். அகலமான, தட்டையான குளம்பு. சுழி பார்த்த காலமெல்லாம் அவர் ஒரு குளம்பைக்கூட இப்படிப் பார்த்ததில்லை.

"இது எங்கருந்து வந்துது?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டவர், நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்து உரக்கக் கேட்டார்: "இவளுக்குத் தாய் யாரு?"

மூன்று வருஷமாய் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. நெல் குத்துகிற குட்டிக்குத் தாயை யார் கேட்பார்கள்? கூட்டத்தின் கடைசியில் நனைந்து நின்ற மருதி முன்னே வந்தாள். நிதானமாக, பாதிப் பாய்ச்சல்காரியின் நடையில் வந்தாள்.

"நான்தான்," என்றாள்.

சடையாண்டி அவளுக்குச் சுழி பார்க்கவில்லை. எழுந்து நின்று கும்பிட்டார்.

அன்று முதல்தான், மருதியின் வழியில் வந்த குதிரைகள் காய்ந்த தரையில் பின்தங்கினாலும் ஈரத் தரையில் முந்துகின்றன; கிழக்கே வானம் கறுத்துவிட்டால், குதிரைக்காரர்கள் சுழியை மறந்துவிட்டுக் குனிந்து குளம்பைத் தூக்குகிறார்கள், நிமிர்ந்ததும் முதல் கேள்வியாக, "இதுக்குத் தாய் யாரு?" என்று கேட்கிறார்கள்.