கீரி நடத்திய பாவாடை அணிவகுப்பு

மூங்கில் அடர்ந்த ஒரு காட்டில், மலையடிவாரத்தில் வாழ்ந்த விலங்குகளிடையே உடை உடுத்தும் வழக்கம் இருந்தது. ஆண் விலங்குகள் மரப்பட்டையால் தைத்த கால்சட்டை அணியும். பெண் விலங்குகள் கோரைப்புல்லால் பின்னிய பாவாடை கட்டும். உடையின்றி வெளியே தலைகாட்டுவது அங்கே பெரும் மானக்கேடு.

வெயில் காலத்தில் இதனால் தீங்கொன்றும் இல்லை. மழை பெய்தால்தான் ஆபத்து. நனைந்த மரப்பட்டை முழங்காலில் கயிறுபோல் இறுகும். முதல் மழை விழுந்ததும் செந்நாய்க் கூட்டம் மலையிலிருந்து வேட்டைக்கு இறங்கும். பாவாடை கட்டிய பெண் விலங்குகள் ஓடித் தப்பிவிடும். ஆண் விலங்குகளோ நான்கடி ஓடுவதற்குள் இடறி விழும். சென்ற ஆண்டு ஒரே நாளில் ஏழு ஆண் விலங்குகள் இரையாயின. முயலின் தமையனும் அவற்றுள் ஒன்று.

அக்காட்டில் கீரி ஒன்று இருந்தது. அதற்குக் கூரிய அறிவு உண்டு. தைக்கத் தெரிந்த விரல்களும் உண்டு. "ஆண்களும் பாவாடை கட்டினால் உயிர் பிழைக்கலாமே!" என்று முதலில் கண்டுபிடித்தது அதுதான். குழந்தைகளே, அது சொன்னதில் தவறே இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிய வழக்கம் ஒன்றைக் கொண்டுவர அக்காட்டில் ஒரு முறை இருந்தது. எல்லா விலங்குகளும் கூடியிருக்கும்போது, மருதமரத் திடலை ஒருவர் அப்புதிய வழக்கப்படியே ஒருமுறை வலம் வந்து காட்ட வேண்டும். ஒரே ஒரு விலங்கு சுற்றை முடித்தாலும் போதும். அதன்பின் அந்த வழக்கத்தை எவரும் பழித்துப் பேசக்கூடாது.

"ஒருவர் மட்டும் சுற்றினால் என்ன அழகு?" என்றது கீரி. "அணிவகுப்பாகவே நடத்துவேன். மூவர் நடக்கட்டும்! காடே வாய் பிளந்து பார்க்கட்டும்!"

மூன்று பாவாடைகளைப் பின்னி எடுத்துக்கொண்டு அது முதலில் கடமானிடம் சென்றது.

"எனக்குப் பாவாடையா? என் தலையிலிருப்பது கொம்பா, கொடியா? நன்றாகப் பார்த்துப் பேசு!" என்று சீறியது கடமான்.

"கொம்பைப் பார்த்துத்தான் ஐயா வந்தேன். தாங்கள் கடைசியில் நடந்தால் போதும். முன்னால் செல்லும் இருவர் சிரிப்பையெல்லாம் வாங்கிக்கொள்வார்கள். தங்களுக்கு மரியாதை மட்டும் மிஞ்சும்."

கடமான் யோசித்தது. "கடைசியில் என்றால் சரி" என்றது.

கீரி அடுத்துக் காட்டுப்பன்றியிடம் சென்றது.

"எனக்கு முன்னால் யார்?" என்று கேட்டது பன்றி.

"கடமானாரும் முயலும்."

"இருவரும் நடந்து முடிக்கும்வரை நான் புதரைவிட்டு ஓர் அடி எடுத்து வைக்க மாட்டேன். சொன்னால் சொன்னதுதான்."

"அப்படியே ஆகட்டும்" என்றது கீரி.

மூன்றாவதாக முயலிடம் சென்றது. முயல் பாவாடையைத் தொட்டுப் பார்த்தது. பிறகு கையை இழுத்துக்கொண்டது.

"எனக்குச் சிரிப்பென்றால் பயம், அண்ணா."

"செந்நாயைவிடவா?"

"செந்நாய் ஒரு நாள்தான் துரத்தும். அந்தக் கடுவன் ஆண்டு முழுவதும் துரத்துமே!"

கடுவன் என்பது அக்காட்டில் இருந்த ஆண் குரங்கு. பிறரை நகைப்பது ஒன்றே அதன் தொழில்.

"நீ மூன்றாவதாக வந்தால் போதும், தம்பி. முன்னால் மலைபோல இருவர் நடக்கும்போது உன்னை யார் பார்க்கப் போகிறார்கள்?"

முயலும் தலையசைத்தது. இவ்வாறு கீரி ஒரே கடைசி இடத்தை மூவருக்குக் கொடுத்துவிட்டு மனநிறைவோடு வீடு திரும்பியது.

அணிவகுப்பு நாள் வந்தது. திடல் நிறைந்திருந்தது. கிழக்கே வானம் இருண்டு வந்தது. கீரி, மெருகேற்றிய புத்தம்புதிய கால்சட்டையில் திடலின் நடுவே நின்று கையை உயர்த்தியது. மரங்கொத்தி தன் அலகால் மருதமரத்தில் தாளம் கொட்டியது.

"இதோ வருகிறார்கள்!" என்று கீரி கூவியது.

எவரும் வரவில்லை.

ஈச்சம்புதருக்குப் பின்னால் மூவரும் பாவாடை கட்டிக்கொண்டு ஒருவரையொருவர் முறைத்தபடி நின்றார்கள்.

"போ, முயலே!" என்றது கடமான்.

"நான் மூன்றாவது, ஐயா. கீரி அண்ணனே சொன்னார்."

"மூன்றாவது நான்!" என்று சீறியது கடமான்.

"நான் நகர மாட்டேன். சொன்னால் சொன்னதுதான்" என்று பன்றி தரையில் அமர்ந்துகொண்டது.

மரங்கொத்தி மறுபடியும் தாளம் கொட்டியது. கீரி புதரை நோக்கிப் பல்லைக் கடித்தது. "யாராவது ஒருவர் வாருங்கள்! என் மானம் போகிறது!"

"போவது உன் மானந்தானா?" என்று புதருக்குள்ளிருந்து உறுமியது பன்றி.

மரக்கிளையில் இருந்த கடுவன் வாலைச் சுழற்றியது. "என்ன மாப்பிள்ளைகளே, பொட்டு வைத்துக்கொள்ள நேரமாகிறதா? பூ வேண்டுமானால் பறித்துத் தரட்டுமா?"

கூட்டம் சிரித்தது. புதர் நடுங்கியது.

அப்போது இடி முழங்கியது. சிரிப்பு சட்டென்று நின்றது. கூட்டத்திலிருந்து முயலின் மனைவி ஓடிவந்து புதருக்கு முன்னால் நின்றாள்.

"மழை வரப்போகிறது! செந்நாய்கள் இறங்கும் நேரம் இது. உங்களுள் ஒருவர் ஒரே ஒரு சுற்று நடந்தால் போதும். நாங்கள் பின்னி வைத்திருக்கும் பாவாடைகளை இத்தனை ஆண்களும் இப்போதே மாற்றிக் கட்டிக்கொள்வார்கள். நடங்களேன்!"

முயல் ஒரு காலை எடுத்து வைத்தது. புதரின் இலைகள் விலகின. காடே மூச்சடக்கிப் பார்த்தது.

"ஒரு கேள்வி!" என்று மேலிருந்து குரல் கேட்டது. கடுவன் கிளையில் குப்புறக் கிடந்தபடி கீரியை உற்றுப் பார்த்தது. "கீரி மாமா, நீரும் ஆண்தானே? உம்முடைய பாவாடை எங்கே?"

எல்லாக் கண்களும் கீரியின் கால்சட்டைமேல் விழுந்தன.

கீரி தொண்டையைச் செருமிக்கொண்டது. "நான் அணிவகுப்பை நடத்துபவன். உடுத்துபவன் அல்லன்."

"ஏன் மாமா, உமக்கு உயிர் இல்லையா?"

தானும் கட்டுவதாகக் கீரி ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். இல்லை, புதரருகே சென்று முயலின் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்திருந்தாலும் போதும். ஆனால் அது தன் கால்சட்டையின் மடிப்பைச் சரிசெய்தது.

"பார்த்தீர்களா! பின்னியவனே கட்டவில்லை!" என்று புதருக்குள் கத்தியது கடமான். பாவாடையை அவிழ்த்துப் பாதையில் வீசிவிட்டுத் தன் கால்சட்டைக்குள் காலை நுழைத்தது. பன்றியும் அவ்வாறே செய்தது. முயல் முன்வைத்த காலைப் பின்னே இழுத்துக்கொண்டது.

முதல் துளி விழுந்தது. அடுத்த நொடியே மழை கொட்டியது. மழையின் ஓசையைக் கிழித்துக்கொண்டு மலைச்சரிவிலிருந்து செந்நாய்களின் சீழ்க்கை கேட்டது.

கூட்டம் சிதறியது. பெண் விலங்குகள் காற்றாய்ப் பறந்தன. ஆண் விலங்குகளின் கால்சட்டைகள் இறுகத் தொடங்கின. கடமான் தட்டுத் தடுமாறி ஆற்றுக்குள் உருண்டது. நீர் அதைக் காத்தது. பன்றி முட்புதருக்குள் புகுந்து, உடலெல்லாம் கிழிந்து உயிர் தப்பியது. உடை மாற்ற நேரமில்லாத முயல் மட்டும் பாவாடையோடு ஓடியது. இரண்டு செந்நாய்கள் அதைத் துரத்தின. கோரைப்புல் நனைந்தும் காலைப் பற்றவில்லை. மூங்கில் புதரைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, அது வளைக்குள் மறைந்தது.

கீரியால் ஓட முடியவில்லை. முழங்கால் மடங்கவே மறுத்தது. பாதையில் கடமான் வீசிய பாவாடை கிடந்தது. கீரி அதன்மேல் பாய்ந்தது. கால்சட்டையின் பட்டையைப் பல்லால் கடித்தது. நான்கு கடி கடித்தால் அறுந்துவிடும். மூன்று கடித்துவிட்டது.

நான்காவது கடிக்கு முன்னால் அது தலையை நிமிர்த்தி, மரத்தின்மேல் கடுவன் பார்க்கிறதா என்று பார்த்தது.

கடுவன் அங்கே இல்லை, எப்போதோ ஓடிவிட்டிருந்தது. கீரி மீண்டும் குனிந்தபோது, அதற்கும் பாவாடைக்கும் இடையே செந்நாய் நின்றது.

நீதி: பிறரை நடக்கச் சொல்லும் வழியில் முதல் அடியைத் தானே வைக்க வேண்டும், வைக்க நாணுபவனை அவனது அறிவும் காப்பாற்றாது.