ஆளில்லாமல் அடித்த மணி

ஒரு காலத்தில் வெண்கரை நாட்டை மாறவேள் என்ற ராஜா ஆண்டுவந்தார். காலையில் போட்ட உத்தரவை மாலைக்குள் மாற்றாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அரண்மனையில் பாதி வேலைகள் காலியாகக் கிடந்தன. நிரப்பச் சொல்லி மந்திரி பெருநம்பி கேட்டுக்கொண்டே இருந்தார். அவரைக் கண்டாலே ஆகாத பொக்கிஷ அதிகாரி கூத்தபிரான் ஒருநாள் சபையில் எழுந்தார்.

"மகாராஜா, மணியடிப்பவன் போய் வருஷமாகிறது. மணி அடிக்காமல் இருந்ததா? விளக்கேற்ற ஆளில்லை. விளக்கு எரியவில்லையா? ஆளில்லாமலே நடக்கும் வேலைக்கு ஆள் எதற்கு? அந்த இடங்களையே ஒழித்துவிடலாம்."

ராஜாவுக்கு இது பிடித்துப்போயிற்று. மறுநாள் சபையில் முத்திரை வைப்பதாகச் சொல்லிவிட்டார்.

வெளியே வந்த பெருநம்பி மணிக்கூண்டின் அடியில் நின்றார். கயிற்றைப் பிடித்திருந்தவன் பூவணன். இன்றோ நாளையோ வேலை நிரந்தரமாகும் என்று நம்பி, கூலியில்லாமல் அடித்துக்கொண்டிருந்தான். வேலை உறுதியானால்தான் பெண் தருவார்களாம். விளக்குக்கு, தண்ணீருக்கு, கதவுக்கு என்று அவனைப் போல ஊரில் இன்னும் பலர். தினமும் மணியைக் கேட்டும், அடிப்பது யார் என்று தான் ஏன் ஒருநாளும் கேட்கவில்லை? மந்திரிக்கு அது உறுத்தியது.

"நாளை விடியும்போது எல்லாரும் என் வீட்டுக்குச் சாப்பிட வாருங்கள்" என்றார்.

"அப்போ மணி, சாமி?" என்றான் பூவணன்.

"அது ஆளில்லாமலே அடிக்குமாம்."

மறுநாள் மணி அடிக்கவில்லை; வெயில் முகத்தைச் சுட்ட பிறகுதான் ராஜா எழுந்தார். குளிக்கத் தண்ணீரில்லை. சபைக் கதவு பூட்டிக் கிடந்தது. வாசலில் கூத்தபிரான் வியர்த்து நின்றார். அவரையும் கூட்டிக்கொண்டு, என்ன நடக்கிறது என்று கேட்க ராஜா நடந்தே மந்திரி வீட்டுக்குப் போனார். அங்கே பந்தி நடந்துகொண்டிருந்தது.

"யார் இவர்களெல்லாம்?"

"உங்கள் காலி இடங்கள், மகாராஜா. இட்லி சாப்பிடுகின்றன."

ராஜா சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் பந்தியோடு நடந்து ஒவ்வொருவரிடமும் பெயரும் வேலையும் கேட்டார். எல்லாருக்கும் அங்கேயே வேலை உறுதி. மந்திரி கழுத்தில் தன் முத்துமாலையைப் போட்டார். பிறகு திரும்பினார்.

"கூத்தபிரானே, உம் இடத்தையும் ஒரு வருஷம் காலியாக வைத்துப் பார்ப்போம். அதுவரை வாசலில் நின்று, வேலை கிடைக்கும் என்று நம்பிக்கொண்டிரும்."

அரண்மனைக்குத் திரும்பும் வழியில் ராஜா குரலைத் தாழ்த்தினார். "பெருநம்பி, என் இடம் காலியானாலும் நாடு இப்படியே நடக்குமோ?"

மந்திரி கொஞ்சம் யோசித்தார். "சோதித்துப் பார்க்க வேண்டாம், மகாராஜா. நடந்துவிட்டால் நம் இருவருக்கும் வேலை போய்விடும்."

அப்போது மணி அடித்தது. ராஜா நின்று கேட்டார்.

"பூவணன்" என்றார்.