தளபதி வெட்டிய மாதுளை

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்; இது உரக்கச் சொல்லும் கதை இல்லை.

வெகு காலத்துக்கு முன்னால் மூங்கிற்கோட்டை நாட்டில் மழவராயர் என்றொரு தளபதி இருந்தார். முப்பது வருஷம் போர் செய்தவர். வயதாகி வாளை உறையில் போட்ட அன்று, ராஜா அவருக்கு ஒரு வீடு கொடுத்தார். வீட்டுக்குப் பின்னால் ஒரு மாதுளை மரம். ஆடி மாதந்தோறும் அந்த மரத்திலிருந்து கோட்டை அம்மனுக்கு ஒரு கூடை பழம் போக வேண்டும். மூன்று ஆடி தொடர்ந்து கூடை வராவிட்டால் வீடு அரண்மனைக்கே திரும்பிவிடும். அந்த வீட்டுக்கு அப்படி ஒரு வழக்கம்.

தளபதியின் மனைவி உமையாளுக்கு அந்த வீடு என்றால் உயிர். இருக்காதா பின்னே? முப்பது வருஷமும் புருஷனோடு பாசறை பாசறையாக அலைந்தவள். இன்று அடுப்பு மூட்டிய இடத்திலேயே நாளைக்கும் மூட்டலாம் என்ற சுகத்தை இப்போதுதான் கண்டாள்.

முதல் வருஷம் தளபதி ஒரு சபதம் செய்தார். “உயிருள்ள எதன்மேலும் இனி என் கத்தி படாது.” நல்ல சபதம்தான், யார் குறை சொல்ல முடியும்? மரத்தின் அடியிலிருந்து போத்துகள், அதாவது புதுக் கிளைக்குச்சிகள், கிளம்பின. விட்டுவிட்டார். கிளையோடு கிளை பின்னிக்கொண்டது. விட்டுவிட்டார். பட்டுப்போன கிளைகள் அங்கங்கே நீட்டிக்கொண்டு நின்றன. அதையும் விட்டுவிட்டார். மரம் புதராகி, உள்ளே வெயிலே நுழையவில்லை. ஆடி வந்தது. கூடை காலி.

இரண்டாம் வருஷம் தளபதிக்கு ரோஷம் வந்துவிட்டது. சபதத்தைத் தூக்கி மூலையில் போட்டார், வாளை உருவினார். வீரர்களை வரிசையில் நிறுத்தியே பழகிய மனிதர் இல்லையா? மரம் முழுவதையும் தம் மார்பளவுக்கு ஒரே மட்டமாகச் சீவித் தள்ளினார். நல்ல கிளை, கெட்ட கிளை என்று பார்க்கவில்லை. தள்ளி நின்று மீசையைத் தடவி, “இப்பத்தான் ஒழுங்கா நிக்குது” என்றார். மரமோ மிரண்டுபோய் இலையாகவே துளிர்த்துத் தள்ளியது. பூ என்று ஒன்றுகூட இல்லை. ஆடி வந்தது. கூடை காலி.

மறு மார்கழியில் தளபதி மறுபடியும் வாளைக் கையில் எடுத்தபோது, உமையாள் குறுக்கே வந்து நின்றாள்.

“என்னங்க, ஒண்ணு கேக்கறேன். குதிரைக்கார ஒச்சனுக்குக் கால் புரையோடிப் போச்சே, அப்ப வைத்தியர் என்ன செஞ்சாரு? பாவம்னு விட்டுட்டாரா?”

“விட்டிருந்தா செத்திருப்பான். விரலை எடுத்தாரு. நான்தான் அவனைப் பிடிச்சுக்கிட்டேன்.”

“முழுக் காலையும் எடுத்துட்டாரா?”

“அது எதுக்கு? கெட்டது ஒத்தை விரலு. அது எதுன்னு தெரிஞ்சுக்கவே அவர் அரை நாள் தடவித் தடவிப் பாத்தாரு…”

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார். உள்ளே போய் வாளை வைத்துவிட்டு, ஒரு சின்ன அரிவாளோடு வந்தார்.

மரத்தை மூன்று முறை சுற்றினார். முதல் சுற்றில் பட்டுப்போன கிளைகளைப் பார்த்தார். இரண்டாம் சுற்றில் ஒன்றோடொன்று உரசும் கிளைகளைப் பார்த்தார். மூன்றாம் சுற்றில் குனிந்து அடிப்போத்துகளைப் பார்த்தார். அதற்குப் பிறகே வெட்டினார், ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்துத்தான் வெட்டினார்.

கடைசியில் தாழ்வான ஒரு கிளை மிச்சம் இருந்தது. அதில் புழு துளைத்து, துளையிலிருந்து மரத்தூள் உதிர்ந்துகொண்டிருந்தது. ஆனால் மொத்த மரத்திலும் அந்தக் கிளையில் மட்டும்தான் மொக்கு விட்டிருந்தது.

உமையாள் ஓடிவந்து கிளையைப் பிடித்துக்கொண்டாள். “ஐயோ, இது மட்டும் வேணாங்க! இருக்கிற மொக்கே இதுலதான். இதுவும் போனா வீடு போயிடும்.”

தளபதி அரிவாளைத் தாழ்த்தினார். வீடு போனால் இவளை எங்கே கூட்டிக்கொண்டு போவது? ஆனாலும் சொன்னார்: “உமையா, ஒச்சனோட விரலும் கடைசிவரைக்கும் அசைஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. இந்தப் புழு இன்னும் ரெண்டு சாண் போச்சுன்னா நடுத்தண்டுல இறங்கிடும்.”

அவள் வெகுநேரம் பிடியை விடவில்லை. பிறகு விட்டாள். மொக்குகளோடு கிளை விழுந்ததும் இருவருமே அழுதார்கள்.

தை போயிற்று; மரம் சும்மா நின்றது. மாசியும் பாதி போயிற்று. மரம் சும்மாவே நின்றது. மாசிக் கடைசியில், வெயில் பட்ட உட்கிளைகளிலெல்லாம் சிவப்புச் சிவப்பாக மொக்கு கட்டியது.

ஆடியில் அரண்மனை மணியக்காரர் வந்தார். கூடை நிறைந்து, மேலே வைத்த பழம் ஒன்று தரையில் உருண்டது. “இந்த வீட்டுக்கு இனி பயமில்லை, தளபதியாரே” என்று சொல்லிவிட்டுப் போனார்.

உருண்ட பழத்தை உமையாள் எடுத்து உடைத்தாள். பாதியைப் புருஷன் கையில் வைத்து, “சாப்பிடுங்க, நம்ம வீட்டுப் பழம்” என்றாள். இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொல்லி மழவராயர் கேட்டது அன்றுதான்.

ஆகவே கேட்டவர்களே, எதையும் வெட்டாமல் விட்டாலும் எல்லாவற்றையும் வெட்டித் தள்ளினாலும் கெடுதல்தான், பொறுமையாகப் பார்த்து, கெட்டதை மட்டும் மனம் வலித்தாலும் நீக்குகிறவரே ஒன்றைக் காப்பாற்றுகிறார்.