துண்டுக்கு அடியில் ஐந்து விரல்

"எனக்குச் சுத்தி வளைச்சுப் பேசத் தெரியாதுங்க சாமி. மலையேறி அந்தப் பக்கம் இறங்குற வரைக்கும் கடவுள் என் வண்டிகூட வருவாரா, மாட்டாரா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

பொடாரன் நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

கிணற்றடிச் சாமி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்.

மலைப்பாதை தொடங்குகிற இடத்தில் இருந்தது அந்தக் கிணறு. அதற்கு அப்புறம் மூன்று நாள் வழிக்கு ஊர் கிடையாது. ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் தண்ணீர் ஊற்றுவதுதான் சாமியின் வேலை. அவருக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். பொடாரனுக்கு அறுபது. ஆனாலும் ஏழு வருஷமாகப் பொடாரன் அவரைத்தான் தன் குரு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதை ஒரு நாளும் கேட்டதில்லை என்பது வேறு விஷயம்.

வண்டி புளியமரத்து நிழலில் நின்றது. உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாவாத்தா படுத்திருந்தாள். பொடாரனின் மனைவி.

அவள் வயிற்றில் கட்டி. ஆடியில் எலுமிச்சங்காய் அளவு இருந்தது. இப்போது கார்த்திகை. தேங்காய் அளவு.

மலைக்கு அந்தப் பக்கம், கட்டியை அறுத்து எடுக்கிற வைத்தியர் ஒருவர் இருந்தார். உயிரோடு கொண்டுவந்து சேர்த்தால் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். உள்ளூர் வைத்தியரோ, வண்டியின் குலுக்கலே அவளைக் கொன்றுவிடும் என்றார். வீட்டோடு கிடந்தால் தை முடியும் வரைக்கும் தாங்குவாள் என்றார்.

ஏறுவதா, திரும்புவதா?

வருகிற வழியிலேயே பொடாரன் இரண்டு தடவை வண்டியை ஊர்ப்பக்கம் திருப்பினார். இரண்டு தடவையும் மறுபடி மலைப்பக்கம் திருப்பினார். இனி அப்படி முடியாது. கிணற்றைத் தாண்டினால் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். வண்டியைத் திருப்ப இடம் இருக்காது.

சாமி மாடுகளுக்குத் தண்ணீர் வைத்தார்.

"ஏறுங்க," என்றார்.

"ஏறுறது இருக்கட்டுங்க. கேட்டதுக்குப் பதில்."

"வருவாரு."

"அதை எதை வெச்சு நம்புறது?"

சாமி அடுத்த குடத்தைக் கிணற்றுக்குள் விட்டார்.

பொடாரனுக்குக் கோபம் வந்துவிட்டது. தான் யார், எப்படி வந்தவன் என்று ஆரம்பித்தார். ஒன்பது வயதில் தாய் தகப்பனை இழந்து, மாட்டுச் சந்தையில் சாணி அள்ளிப் பிழைத்தவர். அதே சந்தையில் தரகர் ஆனார். யாரும் கைதூக்கி விடவில்லை. பல்லைப் பிடித்துப் பார்க்காமல் அவர் ஒரு கன்றைக்கூட வாங்கிக் கொடுத்ததில்லை. சுழி பார்த்து, வாலைத் தூக்கிப் பார்த்து, பத்தடி நடக்கவிட்டு, அப்புறம்தான் பேச்சே. அப்படிப்பட்டவனைப் பார்த்து, கண்ணில் படாத ஒருத்தரை நம்பிப் பெண்டாட்டியை மலையில் ஏற்று என்றால் என்ன நியாயம் என்று கேட்டார்.

கோயில் கோயிலாகப் போய்க் கேட்டாயிற்றாம். ஒரு கோயிலில் பூவைப் பொட்டலமாகக் கட்டி வைத்துக் கேட்டார். வெள்ளைப் பூ வந்தது. நல்ல உத்தரவு என்றார்கள். நம்பாமல் இன்னொரு தடவை கேட்டார். சிவப்பு வந்தது. மூன்றாம் தடவை கேட்கப் போனபோது பூசாரி பொட்டலத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

ஒரு சாமிக்குக் கிடாய் கொடுத்தாராம். ஒரு சாமிக்கு வெண்கல மணி. இன்னொன்றுக்கு மொட்டை.

"எல்லாச் சாமியும் வாங்கிக்கிறாங்க. ஒருத்தரும் வாயத் தொறக்கறதில்லீங்க."

வண்டிக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

பொடாரன் ஓடினார். தண்ணீர் கொடுத்தார். பாதியை அவள் கழுத்தில் ஊற்றிவிட்டார். தலைக்கு வைக்கோலை ஒதுக்கினார், பிறகு ஒதுக்கியதை எடுத்துவிட்டார். போனாலும் சரி, திரும்பினாலும் சரி, சீக்கிரம் ஒன்றைச் சொல்லுங்கள் என்று பாவாத்தா கேட்டாள். கட்டியைவிட இந்த நிற்பு வலிக்கிறது என்றாள்.

அவர் கிணற்றடிக்குத் திரும்பி வந்தார். மரத்தின் நிழல் கிழக்கே சாயத் தொடங்கியிருந்தது. இப்போது கிளம்பாவிட்டால் முதல் தங்குமிடத்துக்குப் பொழுதோடு போய்ச் சேர முடியாது.

"சாமி. கெஞ்சிக் கேக்கறேன். இவ பொழைப்பாளா? எத்தனை நாளு?"

சாமி கயிற்றை விட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். சரியாகத் துடைக்கவில்லை.

"சந்தையில வெலையக் கண்ணால பாப்பீங்களா தரகரே?"

"அதெப்படிங்க? துண்டுக்கு அடியில கைதான் பேசும்."

அந்தப் பக்கத்துச் சந்தையில் அதுதான் வழக்கம். வாயால் விலை சொல்லமாட்டார்கள். இரண்டு பேர் கையின்மேல் ஒரு துண்டைப் போடுவார்கள். உள்ளே ஒருவர் விரலை மற்றவர் பிடிப்பார். எத்தனை விரலோ, அதுதான் எண். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் தெரியாது. பொடாரன் அந்த வேலையில் பேர் போனவர்.

"அப்பத் துண்டப் போடுங்க," என்றார் சாமி.

பொடாரன் தோளிலிருந்து துண்டை உருவினார். அன்றைக்கு முதல் தடவையாக அவர் முகத்தில் உயிர் வந்தது. கடைசியில் தனக்குத் தெரிந்த பாஷையில் ஒரு பதில் வரப்போகிறது.

துண்டு விழுந்தது.

அடியில் சாமியின் கை வந்தது. ஈரக் கை. பொடாரனின் ஐந்து விரல்களையும் சேர்த்துப் பிடித்தது.

ஐந்து.

"அஞ்சுங்களா?" பொடாரனின் குரல் இறங்கிவிட்டது. "அஞ்சு வருஷமுங்களா?"

சாமி அவர் முகத்தையே பார்த்தார்.

"அஞ்சு மாசமா?"

கை அப்படியே இருந்தது.

"அஞ்சு நாளுங்களா சாமி?"

மலை தாண்ட மூன்று நாள். ஐந்து நாள் என்றால், வைத்தியர் வாசல் வரைக்கும் போய், அப்புறம். அதற்கு மேல் அவரால் யோசிக்க முடியவில்லை.

ஆனாலும் தரகர் தரகர்தான். துண்டுக்கு அடியிலேயே கையைப் புரட்டி, சாமியின் ஐந்து விரல்களையும் இவர் பிடித்தார். விட்டு, இன்னொரு தடவை பிடித்தார். பத்து.

சாமி மறுபடி ஐந்து விரல்களையும் பிடித்தார்.

பொடாரன் இறங்கி வந்தார். எட்டு கேட்டார்.

ஐந்து.

ஏழு கேட்டார். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்க ஒரு கை இருந்தும் துடைக்கவில்லை.

ஐந்து.

கடைசியாக, ஐந்தோடு ஒரே ஒரு விரல் கூட்டிக் கேட்டார். அந்த ஒரு விரலை வெகுநேரம் பிடித்துக்கொண்டிருந்தார்.

சாமியின் கை அதையும் மெதுவாக மூடியது. பழையபடி ஐந்து.

இப்படி ஒரே விலையில் நிற்கிற ஆளைச் சந்தையில் திட்டித்தான் அனுப்புவார். இங்கேயும் திட்டினார். இரக்கம் கெட்ட பேரம் என்றார். ஏழு வருஷம் வந்து போனதற்கு இதுதானா என்றார். குருவென்றும் பார்க்காமல் இன்னும் இரண்டு வார்த்தை சொன்னார். கையை உதறினார். வரவில்லை. பலம்கொண்ட மட்டும் இழுத்தார். துண்டு நழுவி மண்ணில் விழுந்தது.

சாமியின் முகத்தில் கோபம் இல்லை. பிடியும் தளரவில்லை.

வண்டியின் பின்பக்கத்தில் பாவாத்தா முழங்கையை ஊன்றி எழுந்து, இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வருஷம் தரகரோடு குடித்தனம் செய்தவள். சிரித்தால் வயிறு வலிக்கும். ஆனாலும் சிரித்துவிட்டாள்.

"ஏனுங்க," என்றாள். "அவரு வெல சொல்லலீங்க."

பொடாரன் திரும்பினார்.

"உங்க கையப் புடிச்சிருக்காரு."

பொடாரன் குனிந்து பார்த்தார். ஒரு கைக்குள் ஒரு கை இருந்தது. எண்ணுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"பொழுது இறங்குதுங்க," என்றாள் பாவாத்தா. "மாட்டப் பூட்டுங்க."