கரடி பாகவதரும் மானின் வயிறும்

கோடையில் ஒரே ஒரு குளம் மட்டும் வற்றாமல் கிடந்த ஒரு காட்டில், சிங்கராஜாவின் பிறந்தநாளுக்குக் கச்சேரி ஏற்பாடாயிற்று. தலைமைப் பாட்டுப் பாடுகிறவர் குடும்பத்துக்கே அந்த வருஷம் குளத்தில் முதல் தண்ணீர்.

ஆள் பொறுக்கும் வேலை கரடி பாகவதருக்கு. காது என்று இரண்டு இருந்தும், அவர் வயிற்றைப் பார்த்துத்தான் பொறுக்கினார்.

புள்ளிமான் விலாவை விரித்து மூச்சிழுத்து, நீளமான ஓர் அடியை ஒரே மூச்சில் பாடி முடித்தாள்.

"பாட்டு கிடக்கட்டும், வயிறு எங்கேம்மா?" என்றார் பாகவதர். "மூச்சு தங்க இடம் வேண்டாமா? பெண்பிள்ளைகளுக்கு மூச்சு கழுத்தோடு சரி. போய்ப் பின்னால் நின்று தாளம் போடு."

தலைமைப் பாட்டு எருமைக்கடாவுக்குப் போயிற்று.

"வயிற்றை ஊதுங்கள்" என்று பாகவதர் தினமும் எல்லோரையும் விரட்டினார். நாளாக ஆக, மானின் வயிறு மட்டும் நிஜமாகவே பெருத்தது.

"பார்த்தீர்களா என் பயிற்சியை? இனிமேல் இவள்தான் தலைமை."

மான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். பிறக்கப்போகிற குட்டிக்குத் தண்ணீர் வேண்டுமே என்று நினைத்து மூடிக்கொண்டாள். உள்ளே குட்டி முட்ட முட்ட, அவளுக்கு ஓர் அடிக்கு இரண்டு தரம் மூச்சு வாங்கியது. பாகவதர் கவனித்தால்தானே? அவர் கண் வயிற்றை விட்டு மேலே ஏறவே இல்லை.

கச்சேரிக்கு முந்தின வாரம் குட்டி பிறந்தது.

ஒட்டிய வயிற்றோடு வந்தவளைக் கண்டு பாகவதர் அலறினார். "பாவி, சேர்த்துவைத்த மூச்சையெல்லாம் எங்கே விட்டாய்?"

"அதோ, நாலு காலில் நிற்கிறது பாகவதரே."

பாகவதருக்குச் சிரிப்பு வரவில்லை. "நீ பின்னால் போ. டேய் எருமை, நன்றாகத் தின்றுவிட்டு வா, வயிறு நிறைந்திருக்கட்டும்."

கச்சேரியன்று எருமை பாட வாயைத் திறந்தான். பாதி அடி வந்தது. மீதிக்கு ஏப்பம் வந்தது. சிங்கராஜாவின் மீசை துடித்தது.

பின்வரிசையிலிருந்து மான் அந்த அடியைப் பிடித்தாள். விலா விரிந்தது. ஒரே மூச்சில் கொண்டுபோய் முடித்தாள்.

"இத்தனை மூச்சை எங்கே வைத்திருந்தாய்?" என்றார் ராஜா.

"மூச்சு இருக்கிற இடத்தில்தான் மகாராஜா. வயிற்றில் இவன் அல்லவா இருந்தான்?" என்று பக்கத்தில் நின்ற குட்டியைக் காட்டினாள் மான்.

ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கோடையில் குளத்தில் முதலில் வாய் வைத்தது மான்குட்டிதான்.

நீதி: பாடுகிறவரின் மூச்சைக் காதால் அள, உடம்பைப் பார்த்து அளக்காதே.