நொண்டாமல் நடந்த மான்

மருதி என்ற புள்ளிமான் குளத்தில் தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினாள். வழியில் எலி வளை ஒன்று இருந்தது. அவள் பார்க்கவில்லை. வலது பின்னங்கால் அதற்குள் இறங்கியது, கணுக்கால் மடங்கியது.

"அம்மா!" என்று வலியில் அலறினாள். அவளுடைய குட்டி பொட்டு ஓடி வந்தான்.

"என்னம்மா ஆச்சு?"

"ஒண்ணுமில்லடா! சத்தம் போடாதே! யாராவது கேட்டுடப் போறாங்க!"

கால் வீங்குகிறதே என்று அவள் பயப்படவில்லை. கூட்டத்துக்குத் தெரிந்துவிடுமே என்றுதான் பயந்தாள். அந்த மான் கூட்டத்தில் ஒரு சட்டம் இருந்தது. இடம் மாறிப் போகும்போது நொண்டுகிற மான்கள் கடைசி வரிசையில்தான் வர வேண்டும். செந்நாய்கள் பின்னாலிருந்து பாயும். கடைசி வரிசையோடு அவற்றின் பசி அடங்கிவிட்டால் மற்றவை பிழைத்துக்கொள்ளும். குட்டிகள் தாயோடுதான் நடக்க வேண்டும். ஆகவே தாய் நொண்டினால் குட்டிக்கும் கடைசி வரிசைதான். இதற்கு நியாயம் என்று பெயர் வைத்து, முன்வரிசை மான்கள் எல்லாம் தலையாட்டிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் நிற்பவர்களுக்குத் தலையாட்டுவதில் என்ன கஷ்டம்?

குளமோ வற்றிக்கொண்டிருந்தது. கூடிய சீக்கிரம் கூட்டம் பாறைப்பள்ளத்தைத் தாண்டி ஆற்றுப்பக்கம் போயாக வேண்டும்.

முதலில் காட்டுப்பன்றி வைத்தியம் பார்க்க வந்தது. "நான் காலு முன்னால வந்து பிறந்தவன்! மூணு மிதி மிதிச்சா எப்பேர்ப்பட்ட சுளுக்கும் ஓடிடும்!" என்றது. மிதித்தது. சுளுக்கு ஓடவில்லை. கணுக்கால் விளாம்பழம் போல வீங்கியதைக் கண்டு பன்றிதான் ஓடியது.

குளத்தில் நின்றிருந்த கொக்கு இதைப் பார்த்தது. முந்தின வருஷம் வலையில் மாட்டி அதன் காலும் பிசகியிருந்தது. பட்டுத் தெரிந்துகொண்ட கொக்கு அது.

"தங்கச்சி, இன்னும் யாரையும் மிதிக்க விடாதே! ரெண்டு மூணு நாள் காலைக் குளிர்ந்த சேத்துல வை. படுக்கும்போது மேட்டுல தூக்கி வச்சுக்கோ. அப்புறம் நான் சொல்றபடி செய்!"

மருதி அப்படியே செய்தாள். நான்காம் நாள் வீக்கம் வடியத் தொடங்கியது. கணுக்காலை மேலும் கீழும் ஆட்டச் சொன்னது கொக்கு. பிறகு மெல்ல வட்டமாகச் சுழற்றச் சொன்னது. பிறகு, "வலி தாங்குற அளவுக்கு ஊன்றி நட" என்றது.

"ஊன்றினா நொண்டுதே அண்ணே!"

"நொண்டட்டுமே! இப்போ நொண்டினாத்தான் பிறகு நேரா நடக்கலாம்."

"ஐயோ, யாராவது பார்த்துட்டா?"

அதனால் கோரைப்புல்லுக்குள் ஒளிந்துகொண்டு நொண்டினாள். வெளியே வரும்போது பல்லைக் கடித்துக்கொண்டு நேராக நடந்தாள். அவள் கண்ணில் நீர் முட்டுவதைப் பொட்டு மட்டும் பார்த்தான்.

பத்தாம் நாள் வலி நின்றது! மருதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"அண்ணே, சரியாப்போச்சு!"

"வலிதான் போச்சு. கால் இன்னும் தேறல. நல்ல பின்னங்காலைத் தூக்கிட்டு, பின்னால பிசகின காலை மட்டும் ஊன்றி நில்லு பார்ப்போம். நான் எண்ணுறேன்."

கொக்கு எண்ணியது. நான்கு எண்ணுவதற்குள் மருதியின் இடுப்பு ஆடியது. ஐந்தில் சாய்ந்துவிட்டாள்.

"பார்த்தியா? எங்கே ஊன்றணும், எப்படிச் சமாளிக்கணும்னு அந்தக் கால் மறந்துபோச்சு. திரும்பக் கத்துக்கொடுக்கணும். முப்பது எண்ணுற வரைக்கும் ஆடாம நிக்கணும். அப்புறம் கண்ணை மூடிட்டு நிக்கணும். அப்புறம் சின்னச் சின்னதாக் குதிக்கணும். இன்னும் ஒரு மாசம் ஆகும்."

"ஒரு மாசமா!"

இருந்தாலும் மூன்று நாள் பழகினாள். எட்டு எண்ணும் வரை நின்றாள். அதற்குள் தண்ணீருக்கு வந்த இரண்டு மான்கள் கோரைக்குள் எட்டிப் பார்த்துவிட்டன.

"என்ன மருதி, கொக்குக்குப் பொண்ணாப் பொறந்தியா? காலுக்கு ஏதாவது ஆயிடுச்சா?"

"காலுக்கா? எனக்கா? சும்மா விளையாட்டு!"

மருதி யோசித்தாள். வலியும் இல்லை, நொண்டலும் இல்லை. பழகினால்தானே சந்தேகப்படுகிறார்கள்! அன்றோடு பழகுவதை விட்டுவிட்டாள். கொக்கு கூப்பிட்டபோதெல்லாம், "நாளைக்கு வர்றேன் அண்ணே" என்றாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளையைக் கடைசி வரிசையில் நிறுத்த எந்தத் தாய்தான் சம்மதிப்பாள்?

இருபதாம் நாள் குளத்தில் சேறு மட்டும்தான் மிஞ்சியது. கூட்டத்தின் தலைவர் கொம்பையா எல்லாரையும் சமதரையில் நடக்கச் சொல்லிப் பார்வையிட்டார். மருதி நடந்தாள். அவ்வளவு அழகாக நடந்தாள்!

"முன்வரிசை! நீயும் உன் குட்டியும் பள்ளத்தைக் குதிச்சுத் தாண்டுங்க!" என்றார் கொம்பையா.

கொக்கு பறந்து வந்தது. "ஐயா, நடக்கிறதைப் பார்த்தீங்க, குதிக்கிறதைப் பார்த்தீங்களா? அவ கால்ல..."

"போதும் அண்ணே!" என்று மருதி கத்தினாள். "என் கால் எனக்குத் தெரியாதா? உன் வேலையைப் பார்த்துட்டுப் போ!"

கொக்கு குளத்துப் பக்கம் திரும்பிப் பறந்தது.

கூட்டம் பள்ளத்தை அடைந்தது. முன்வரிசை மான்கள் ஒவ்வொன்றாகத் தாண்டின. பொட்டு தாண்டினான். "வாம்மா!" என்று எதிர்க்கரையிலிருந்து கூப்பிட்டான். மருதி பாய்ந்தாள். நல்ல பாய்ச்சல்தான். பின்னங்கால்கள் எதிர்க்கரைப் பாறை விளிம்பில் இறங்கின. விளிம்பு கொஞ்சம் சரிவு. நல்ல கால் சமாளித்துக்கொண்டது. பிசகிய காலுக்குச் சமாளிக்கத் தெரியவில்லை. மறுபடி மடங்கியது. மருதி பள்ளத்துக்குள் உருண்டாள். விழுந்த இடத்தில் எலும்பு முறிந்த சத்தம் மேலே வரை கேட்டது.

கடைசி வரிசைக்குக் குதிக்கிற வேலை இல்லை. நொண்டிகள் அல்லவா? அவை சரிவு வழியாக மெல்ல இறங்கி, மெல்ல ஏறின. மருதியைக் கடந்துதான் போயின. ஒரு கிழட்டு மான் நின்று, "எழுந்து வாம்மா, எங்க கூடவே வந்துடு" என்று முகத்தால் தள்ளிப் பார்த்தது. மருதியால் எழ முடியவில்லை. அன்றைக்கு எந்தச் செந்நாயும் கடைசி வரிசையைத் தொடவில்லை. நொண்டிய மான்கள் அத்தனையும் அக்கரை சேர்ந்தன.

அதற்குப் பிறகுதான் காட்டுக்குள்ளிருந்து செந்நாய்கள் ஒன்றையொன்று கூப்பிடும் சீழ்க்கை கேட்டது.

"கிளம்புங்க!" என்றார் கொம்பையா.

"அம்மா!" பொட்டு விளிம்புக்கு வந்தான். "நான் இறங்கி வரட்டுமா?"

"வராதே! இறங்கினே, கொன்னுடுவேன்! அவங்களோட போ!"

"நீ?"

"கொஞ்சம் உக்கார்ந்துட்டு வர்றேன்டா. கால் லேசாத்தான் பிசகியிருக்கு."

"பொய் சொல்ற! நீ எப்பவும் இப்படித்தான் சொல்ற!"

அந்தக் கிழட்டு மான் அவனைத் தள்ளிக்கொண்டு போனது. பொட்டு இன்னும் பால் மறக்காத குட்டி. வெகுதூரம் வரைக்கும் அவன் கூப்பிட்டுக்கொண்டே போனான். மருதி பதில் குரல் கொடுக்கவில்லை. கொடுத்தால் திரும்பி வந்துவிடுவான்.

வலி நின்றதைக் குணம் என்று நம்பாதீர்கள். நொண்டுகிறவரைத் தண்டிக்கிற கூட்டத்தில் எவர் காயமும் முழுதாக ஆறுவதில்லை.