பவளாயி மேடை ஏறிய நாள்

மரங்களும் மிருகங்களும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த காலத்திலே, வெண்ணாவல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டின் நடுவே ஓர் ஆறு ஓடியது. அந்த ஆற்றில் பரிசல் ஓட்டிப் பிழைத்தவர் மாரப்பன். அவருடைய மனைவி நல்லக்காள். ஒரே மகள் பவளாயி.

பவளாயிக்கு நாலு பேர் சேர்ந்து பார்த்தாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும். கல்யாண வீட்டில் யாராவது பேர் கேட்டால்கூட அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வாள். வீட்டுக்குள் வந்தால் மட்டும் பேச்சு, பேச்சு, ஓயாத பேச்சு.

அரண்மனையில் பிங்கலன் என்று ஒரு மந்திரவாதி இருந்தான். ராஜாவுக்குத் தலைவலி வந்தால் தைலம் தருவான். தூக்கம் வராவிட்டால் தாலாட்டுப் பாடும் பொம்மை தருவான். அதனால் அவன் சொன்னதுதான் ராஜாவுக்கு வேதவாக்கு. அந்தத் துணிச்சலில் அவன் செய்த அநியாயத்தைக் கேளுங்கள். ஊருக்கெல்லாம் சொந்தமான ஆற்றை மந்திரம் போட்டுத் திருப்பி, தன் தோட்டத்துக் குளத்துக்குள் கொண்டுபோய் நிறுத்தினான். குளத்தில் தாமரை பூத்தால் கண்ணுக்கு அழகாக இருக்குமாம். இவன் பூப் பார்க்க ஓர் ஆறு வேண்டியிருந்தது.

பரிசல்கள் மணலில் கவிழ்ந்து கிடந்தன. வயல்கள் வெடித்தன. மாரப்பனும் மற்றப் பரிசல்காரர்களும் துறையில் கூடி, பிங்கலன் பல்லக்கில் வரும்போது வழிமறித்து நியாயம் கேட்டார்கள். அவன் பல்லக்கில் இருந்தபடியே கைக்கோலை ஒரு சுழற்றுச் சுழற்றினான். அவ்வளவுதான், நியாயம் கேட்டவர்கள் எல்லாரும் வெள்ளைக் கொக்குகளாகிவிட்டார்கள். கரையில் பவளாயியோடு நின்று பதறி அலறிய நல்லக்காளின் குரலையும் பிடுங்கி, இடுப்பில் தொங்கிய சிமிழுக்குள் போட்டு மூடிக்கொண்டான்.

துறை நிறைய ஜனம் பார்த்துக்கொண்டு நின்றது. வாய் திறந்தவர் ஒருவர் இல்லை.

மறுநாள் பிங்கலன் தண்டோரா போட்டான். பரிசல்காரர்கள் கோவில் மணியைத் திருடிக்கொண்டு ஓடிப்போய்விட்டார்களாம். மணியை எடுத்து ஒளித்துவைத்தவனே அவன்தான். எல்லாவற்றையும் கண்ணால் பார்த்த ஜனம் அந்தத் தண்டோராவையும் கேட்டது. வாய் திறந்தவர் ஒருவர் இல்லை. போதாததற்கு, பவளாயி தெருவில் போனால் “திருடன் மகள்” என்று முணுமுணுக்கவும் ஆரம்பித்தார்கள்.

பவளாயி வறண்ட ஆற்றில் போய் உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் ஒரு கொக்கு ஒற்றைக் காலில் நின்று அவளையே பார்த்தது. அது அப்பா என்று அவளுக்குத் தெரியும். அப்போது எஞ்சிக் கிடந்த ஒரு குட்டையிலிருந்து நீர்நாய் ஒன்று தலையை நீட்டியது. ஆற்றோடு அதன் வீடும் போய்விட்டதால் அது கடுங்கோபத்தில் இருந்தது.

“அழுதது போதும். அரண்மனை முற்றத்தில் கல்மேடை இருக்கு, தெரியுமா? ராஜாவோட பிறந்தநாளன்னிக்கு யார் வேணும்னாலும் அதில் ஏறிப் பேசலாம். நடந்ததை நடந்தபடி, ஆரம்பிச்சதை முடிக்கிற வரைக்கும் சொல்லிட்டா, அந்தப் பிங்கலனோட மந்திரம் அத்தனையும் உடைஞ்சுடும்.”

“அவன் என்னையும் கொக்காக்கிடுவானே?”

“மேடையில் நிற்கிறவங்க மேல எந்த மந்திரமும் பலிக்காது. பயம் மட்டும்தான் பலிக்கும். ஆனா பாதியில் இறங்கினியோ, நீ அவன் கையில்.”

அன்றிலிருந்து பவளாயி குட்டைக்கரையில் நின்று பேசிப் பழகினாள். நீர்நாய் ஒன்றுதான் கேட்டது. அதன் முன்னாலேகூட அவள் நிறுத்தி நிறுத்தித்தான் பேசினாள்.

ராஜாவின் பிறந்தநாள் வந்தது. முற்றம் கொள்ளாத கூட்டம் உட்கார்ந்திருந்தது. சிம்மாசனத்துக்குப் பக்கத்தில் பிங்கலன் நின்றான். பேச விரும்புகிறவர்கள் வரலாம் என்று கட்டியக்காரன் அழைத்தான். பவளாயி அம்மாவின் கையை விட்டுவிட்டு மேடை ஏறினாள்.

எத்தனை கண்கள், எத்தனை தலைகள். பவளாயி வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. பிங்கலன் கடகடவென்று சிரித்தான். அவன் சிரித்ததால் சபையும் சிரித்தது. பவளாயியின் கண்ணில் நீர் முட்டியது. ஆனாலும் இறங்கவில்லை.

மறுபடி வாயைத் திறந்தாள். “எங்க அப்பா...” என்றவுடன் பிங்கலன் கைக்கோலைத் தரையில் ஓங்கித் தட்டினான். கூட்டம் நடுங்கி ஒடுங்கியது. அவள் பேச்சு அங்கேயே நின்றது. ஒரு கால் படியை நோக்கி நகர்ந்துகூட விட்டது. ஆனாலும் இறங்கவில்லை.

மூன்றாவதாக அவன் செய்ததுதான் மகா அயோக்கியத்தனம். முகத்தில் பரிவை வரவழைத்துக்கொண்டு ராஜாவிடம் சொன்னான்: “பாவம், மகாராஜா. பெற்ற தகப்பனே திருடிவிட்டு ஓடிப்போனால் குழந்தை என்னதான் பேசும்? இந்தா குழந்தாய், லட்டு தருகிறேன், இறங்கி வா.”

கூட்டத்தில் பலர் “ஐயோ பாவம்” என்று உச்சுக்கொட்டினார்கள். உச்சுக்கொட்டியவர்களில் துறையில் நின்று பார்த்தவர்களும் இருந்தார்கள்.

அதைப் பார்த்ததும் பவளாயிக்குக் கோபம் பொங்கியது. பயம் போகவில்லை. ஆனால் குரல் வந்துவிட்டது.

“எங்க அப்பா திருடலை. ஓடியும் போகலை. ஆத்தைக் காணோமேன்னு கேட்டார். கேட்டதுக்காக இந்த ஆள் அவரைக் கொக்காக்கினான். எங்கம்மா அழுத குரலைக்கூட விடலை, அந்தச் சிமிழ்ல அடைச்சு வச்சிருக்கான். ஆறு இவன் தோட்டத்துல நிக்குது, போய்ப் பாருங்க. நான் பார்த்தேன். இங்க இருக்கிற பாதிப் பேரும் பார்த்தீங்க.”

நடுவில் இரண்டு முறை திக்கினாள். திக்கிய இடத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, விட்ட சொல்லிலிருந்து தொடர்ந்து, கடைசிச் சொல் வரைக்கும் சொல்லி முடித்தாள்.

பிறகு மீன் விற்கும் ஒச்சாயி எழுந்து, “நானும் பார்த்தேன்” என்றாள். குயவர் தெருக்காரர் ஒருவர் எழுந்தார். அப்புறம் வரிசை வரிசையாக எழுந்தார்கள். பிங்கலன் கைக்கோலைச் சுழற்றினான். அது வெறும் விறகுக் கட்டையாக இரண்டாக முறிந்தது. சிமிழ் வெடித்தது. “பவளாயி, என் கண்ணே” என்று நல்லக்காளின் குரல் முற்றமெல்லாம் கேட்டது. வெளியே ஆறு இரைந்துகொண்டு தன் வழிக்குத் திரும்பியது. ஈர வேட்டியோடு மாரப்பனும் கூட்டாளிகளும் கோட்டை வாசலில் வந்து நின்றார்கள்.

ராஜா வெட்கித் தலைகுனிந்தார். மந்திரம் போன பிங்கலனை, ஒளித்துவைத்த மணியைக் கோவிலில் திருப்பி வைத்துவிட்டு, ஆறு வறண்ட நாளில் தூர்ந்துபோன வாய்க்கால்களையெல்லாம் கையாலேயே வெட்டச் சொன்னார். உனக்கு என்ன வேண்டும் என்று பவளாயியைக் கேட்டார். பரிசல்காரர்கள் திருடர்கள் இல்லை என்று ராஜாவே துறைக்கு நடந்து வந்து சொல்ல வேண்டும் என்றாள். அவர் நடந்தே வந்து, எல்லார் காதிலும் விழச் சொன்னார்.

அன்றைக்கு ஊரே மாலையோடு வந்தது. எங்கள் பவளாயி, எங்கள் ஊர்ப் பிள்ளை என்று கொண்டாடியது. பவளாயி மாலையை வாங்கவில்லை. அத்தனை பேர் முகத்தையும் நேராகப் பார்த்துக் கேட்டாள்: “நீங்க எல்லாரும் பெரியவங்கதானே. நான் பேசுற வரைக்கும் ஏன் காத்திருந்தீங்க?”

ஒருவர் கண்ணை ஒருவர் பார்க்கக் கூசிக்கொண்டு நின்றார்கள்.

ஆனால் அந்தக் கேள்வி அவர்களைச் சும்மா விடவில்லை. அதற்கப்புறம் வெண்ணாவல் நாட்டில் அநியாயம் கண்டு ஒருவர் எழுந்தால், அவர் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருப்பவரும் எழுந்து நின்றுவிடுவாராம்.